வெளியே போகும் பந்து

பந்து தட்டியே சோறு தின்றவன் என்று லுணுகலைப் பக்கத்தில் ஒரே ஒருவனைத்தான் சொல்வார்கள். அவன் மாரிசாமி. சொல்கிறவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்பது அவர்களுடைய எண்ணம். மாரிசாமிக்கு அதில் கோபமே வந்ததில்லை. அவனுக்கே அது நம்ப முடியாத சங்கதிதான். பதினோரு வருஷம் அந்தப் பிழைப்பில் இருந்தும், காலையில் முகம் கழுவும்போது, "இன்னிக்கும் என்னைய வெளாடச் சொல்லித்தான் சோறு போடுறாங்க" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொள்வான்.

அவன் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் கரப்பந்து மைதானம் என்று தனியாக ஒன்று கிடையாது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் மத்தியானத்துக்கு மேல் வலை கட்டுவார்கள். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இத்தனை செடி என்று கணக்கு. வெட்டி முடித்தால் மத்தியானமே வீடு. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ அந்தி நிறுவை வரைக்கும் விடுதலை இல்லை. இந்த நியாயத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. ஆக, ஆண்கள் மேலே பந்து தட்டுகிற நேரத்தில் பெண்கள் கீழே மலையில் கூடையும் முதுகுமாக நின்றுகொண்டிருப்பார்கள்.

களத்துக்கு மூன்று பக்கம் ஆபத்தில்லை. நாலாவது பக்கம்தான் வில்லங்கம். அங்கே கோட்டுக்கு இரண்டு எட்டு அப்பால் நிலம் சட்டென்று சரிந்து ஆறாம் நம்பர் மலையாகக் கீழே இறங்கும். அந்தப் பக்கம் போன பந்து தேயிலைச் செடிகளின் மேல் துள்ளித் துள்ளி ஓடைக்கரை வரைக்கும் போய்விடும். இருந்ததோ ஒரே பந்து. அதைக் கீழே பறித்துக்கொண்டிருக்கும் பெண்களில் யாராவதுதான் எடுத்து வர வேண்டும். பெரும்பாலும் அந்த நிரையில் நின்றவள் பெரியாயி என்ற பெண். பறித்த கொழுந்தின் மேல் பந்தை வைத்து, கூடையோடு அந்த ஏற்றத்தில் ஏறி வருவாள். நிரையை விட்டுப் போனதற்குக் கங்காணி கத்துவார். மேலே வந்து பந்தைக் கோட்டோரத்தில் வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போவாள்.

நாலைந்து தடவை இப்படி வந்தவள் ஒரு நாள் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. எதிரே நின்றவன் மாரிசாமி.

"இவ்வளவு பேரு நிக்கிறீங்க, ஒரு பந்த மேலயே வச்சுக்கத் தெரியலையா? தட்டுறது நீங்க, ஏறி வர்றது நானா?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். மாரிசாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாளிலிருந்து சரிவுப் பக்கத்துக் கோட்டில் அவன்தான் நின்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு பந்து போனது என்றால் அது அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே விழும் பந்தா, வெளியே போகும் பந்தா என்று அவன் பார்ப்பதே இல்லை. எல்லாப் பந்துக்கும் பாய்ந்தான். பெரட்டுக் களத்துச் சரளைக்கல் முழங்கையையும் முழங்காலையும் உரித்துத் தள்ளியது. ஒரு புண் ஆறும் முன்னே அடுத்த புண். ஆனால் பெரியாயி ஏறி வருவது நின்றுபோனது. அடுத்த வருஷம் தை மாதம் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. பந்து பொறுக்கப் போய்ப் புருஷனைப் பொறுக்கினாள் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் கேலி பேசினார்கள். பெரியாயி அதை மறுக்கவும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில், ஆடி பிறக்கப் போகிற சமயம், ஹுமைத் என்ற வாலிபர் அந்தத் தோட்டத்துக் கடைக்குக் கருவாடு போட வந்தார். பதுளை பஸாரில் கருவாட்டு மொத்தக் கடை வைத்திருந்த லத்தீப் முதலாளியின் மச்சினன் அவர். லொறியில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு லொறியை மறந்துவிட்டு அந்திவரைக்கும் பார்த்தார்.

லத்தீப் முதலாளிக்குக் கருவாடு வருவது பொத்துவிலில் இருந்து. அங்கே ஒவ்வொரு ஆடிக் கடைசியிலும் கடற்கரை மணலில் கரப்பந்துப் போட்டி நடக்கும். பக்கத்துக்கு இரண்டே பேர். பதுளைக் கடைக்காரர் சார்பில் ஹுமைதும் அவர் கூட்டாளியும் வருஷா வருஷம் போய், வருஷா வருஷம் தோற்று, கருவாட்டோடு கேலியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் கூட்டாளிக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. முதலாளி மாரிசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். நேரடியாகவே சொன்னார்.

"பொத்துவில்ல ஜெயிச்சிட்டு வாங்கோ தம்பி. கடையில வேல ஈக்கி, பொறகால ஒரு ரூமும் ஈக்கி. ஆடுற காலத்துக்கு ஆட்டம், மத்த நாளைக்குக் கடை. பொஞ்சாதியயும் கூட்டிட்டு வரலாம்."

பெரியாயிக்கு அப்போது ஆறு மாதம். அந்த வயிற்றோடு ஆறாம் நம்பர் மலையில் நாளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த பிறகு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அதை விட்டுவிட்டுத் திரும்பவும் அதே ஏற்றம். பதுளையில் ஒரு அறை என்றால் அது அவளுக்குச் சமதரையில் ஒரு வாழ்க்கை. அவன் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஆனால் தோட்டத்தில் லீவு கேட்டால் பந்து விளையாடவா என்று துரத்துவார்கள். அதனால் கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன் என்று கணக்கப்பிள்ளையிடம் பொய் சொல்லி மூன்று நாள் வாங்கிக்கொண்டு லொறி ஏறினான்.

பொத்துவில் மணலில் முதல் நாள் பயிற்சியில் ஹுமைத் ஒரு பந்தை எட்டாத இடத்தில் அடித்தார். மாரிசாமி பாய்ந்து விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. ஹுமைத் பதறிப்போய் ஓடி வந்தார். மாரிசாமி கவிழ்ந்தபடியே கிடந்து வலிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். வலி வரவே இல்லை. முழங்கையைத் திருப்பிப் பார்த்தான், இரத்தமும் இல்லை. விழுந்தால் வாங்கிக்கொள்ளும் மண் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒரு பிடி மணலை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஹுமைதுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், இந்த ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

மற்ற எல்லோருக்கும் மணல் காலை இழுத்தது. மாரிசாமிக்கு அது மெத்தை. இரண்டு நாளில் ஆறு ஜோடிகளைத் தோற்கடித்துவிட்டு இருவரும் கடைசி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரே பொத்துவில் மீன்பிடிகாரர் ஜௌபரும் அவருடைய தம்பியும். ஊரே கரையில் கூடியிருந்தது. பதினைந்து எடுத்தவர் வெற்றி. சாயங்காலம் அவர்களுக்குப் பதினான்கு, இவர்களுக்குப் பதின்மூன்று.

ஆடியில் அந்தக் கரையில் வீசுவது கச்சான் காற்று. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். ஜௌபர் ஓங்கி அடித்த பந்தை அந்தக் காற்று வாங்கிக்கொண்டது. பந்து உயரே எழும்பி, கோட்டைத் தாண்டி, கடல் பக்கம் போனது. வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட்டால் அடித்தவர்மேல் தப்பு. தொட்டால் தொட்டவர்தான் அதை மீட்டுக் கொடுக்க வேண்டும். பந்து தெரிந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. மாரிசாமிக்கும் தெரியும்.

"விடுங்க மாரி, வெளிய போகுது," என்று ஹுமைத் கத்தினார்.

அவன் காதில் அது விழுந்தது. ஆனால் கால் ஓடிவிட்டது. பின்னால் திரும்பிப் பறந்து, கோட்டுக்கு நாலு எட்டு வெளியே, கையை நீட்டி விழுந்தான். விரல் நுனியில் பட்ட பந்து திசை மாறி அலைக்குள் போய் விழுந்தது. விசில் ஊதினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவன் எழுந்து பந்தின் பின்னாலேயே கடலுக்குள் ஓடினான். நீச்சல் தெரியாது, கடலை அவன் கண்டே மூன்று நாள்தான். ஒரு அலை அவனைப் புரட்டிப் போட்டது. ஜௌபர் பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். கரையில் வந்து நின்றவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் விம்மி விம்மி அழுதான். சிரிக்க வாயெடுத்த சனம் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வழியில் லொறி பழுதாகி நின்றதில் ஆறாம் நாள்தான் லுணுகலைக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு முன்னே செய்தி வந்துவிட்டிருந்தது.

"முருகன் வலைக்கு இந்தப் பக்கம் நின்னாரா, அந்தப் பக்கம் நின்னாரா?" என்று கேட்டார் கணக்கப்பிள்ளை. ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் அவன் பேரை வெட்டியாயிற்று. லயத்து அறை அவன் பேரில் இருந்ததால் மாதக் கடைசிக்குள் அதையும் காலி செய்ய வேண்டும்.

பெரியாயி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவன் நினைத்துக்கொள்வான். "எப்படித் தோத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அவங்க கடக்கரை ஆளுங்க. நல்லா ஆடுனாங்க," என்றான்.

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. உன்னை மலையிலிருந்து இறக்கப் போன இடத்தில், விட வேண்டிய பந்தை விடத் தெரியாமல் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தேன் என்று வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எந்த வாயால் சொல்வது? அவள் மறுநாளும் கூடையை எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பர் மலைக்குப் போனாள். அவன் வெறும் லயத்தில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டி பானையைக் கட்ட ஒரு சாக்குகூட எடுத்து வைத்தாயிற்று. போவதற்குத்தான் இடம் தெரியவில்லை.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது லத்தீப் முதலாளி வந்தார். லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் இரண்டு கட்டை தூரம் ஏறி, சப்பாத்துக்குள் அட்டை கடித்த காலோடு லயத்து வாசலில் நின்றார். மாரிசாமி பதறி எழுந்தான். லொறிச் செலவையும் சேர்த்துத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தான்.

முதலாளி அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பொத்துவில்லேர்ந்து மூணு லொறி வந்திச்சி தம்பி. மூணுலயும் ஒரே செய்திதான். பந்துக்குப் பொறகால கடலுக்குள்ள ஓடின மனிசன் யாரு, வார வருசம் வருவாரா எண்டு கேக்கிறாங்க. அந்த ஆள் இல்லாட்டி நீங்க கருவாட்ட மட்டும் ஏத்திட்டுப் போங்கோ எண்டு ஜௌபர் செல்லி அனுப்பி ஈக்கிறார்."

மாரிசாமி எடுத்து வைத்திருந்த சாக்கை ஓரமாகத் தள்ளினான்.

"நான் தோத்துட்டேனே முதலாளி."

"தோத்தது எனக்கும் தெரியும். நான் ஒம்பது வருசமாத் தோக்கிறேன். ஒருத்தன் கூட என்னை வரச் செல்லிக் கேட்டதில்ல," என்றார் அவர். "சாமானக் கட்டுங்கோ. ஒண்டுதான். ஹுமைத் விடச் சொன்னா விடணும்."

"எனக்கு விடத் தெரியாதுங்க," என்று உள்ளதைச் சொன்னான் மாரிசாமி.

"அது ஹுமைத்ட வேல," என்றார் முதலாளி.

அந்த வேலை ஹுமைதின் உயிரை வாங்கியது. பதுளையில் கடை சாத்திய பிறகு ஒரு வெற்று வளவில் மாரிசாமியைக் கைகட்டி நிற்கச் சொல்லி, கோட்டுக்கு வெளியே பந்து பந்தாக எறிவார். கையைக் கட்டினால் கால் பாயும். காலை அதட்டினால் தலையைக் கொண்டு போய் முட்டுவான். "உங்கட உடம்புல எந்த இடத்துலதான் புத்தி ஈக்கி?" என்று ஹுமைத் தரையில் உட்கார்ந்துவிடுவார். ஆறு மாதம் பிடித்தது. கடைசியில் ஒரு நாள் "விடுங்க" என்றபோது மாரிசாமி விட்டான். விட்டவன் உடனே திரும்பி, பந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தான். அந்தத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவனை விட்டுக் கடைசிவரை போகவில்லை. ஏன் பார்க்கிறான் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் பொத்துவிலில் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு கல்முனை, கல்குடா, திருகோணமலை என்று கூப்பிட்ட கரைக்கெல்லாம் போனார்கள். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. கல்குடாவில் வாங்கிய வெள்ளிப்பூச்சுக் கோப்பையில்தான் பெரியாயி அரிசி அளந்தாள். அதற்கு அதைவிட நல்ல உபயோகம் அவளுக்குத் தோன்றவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கருவாட்டு வாடை எப்போதும் இருக்கும். பெரியாயி முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு, தண்ணீர்க் குழாய் பத்து எட்டில், அதுவும் சமதரையில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டபின் வாடையைப் பற்றிப் பேசவில்லை.

தன் பேரை வெட்டிய கணக்கப்பிள்ளைக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் மாரிசாமி ஒரு பொட்டலம் கீரிமீன் கருவாடு கொண்டுபோய்க் கொடுப்பான். முதல் வருஷம் அவர் வாங்கப் பயந்தார். குத்திக்காட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தார். "நீங்க வெட்டாட்டி நான் முதலாளி கூப்பிட்டப்ப யோசிச்சிருப்பேனுங்க. லயம் இருக்கு, பேரு இருக்குன்னு அங்கயே கெடந்திருப்பேன்," என்றான். அவன் மனதாரத்தான் சொன்னான். அவனுக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது.

எண்பதாம் வருஷம் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. அந்த ஆடியோடு போதும் என்று ஹுமைதிடம் சொல்லிவிட்டான். ஹுமைதுக்கும் தொப்பை வந்திருந்தது. முதலாளி இருவரையும் பார்த்து, "கடை எங்கயும் ஓடாது, அறையும் ஓடாது. போய் ஆடிட்டு வாங்கோ," என்றார். பிறகு, "இந்தத் தடவ பெரியாயியையும் கூட்டிட்டுப் போங்கோ. பதினோரு வருசமா மணல் ஒட்டின உடுப்பத் தோய்க்கிற மனிசி, அந்த மணலப் பாக்க வேணாமா?" என்றார்.

பெரியாயி மணலில் கொஞ்ச தூரம் நடந்துபோய்க் கடலைப் பார்த்தாள். பிறகு, "எவ்வளவு பெரிய சமதரை," என்றாள்.

கடைசி ஆட்டத்தன்று அவளைக் கடல் பக்கத்தில், கோட்டுக்குச் சற்றுத் தள்ளி உட்கார வைத்தார்கள். இப்போது ஆடுவதை நிறுத்திவிட்டு ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஜௌபர் அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இந்தா, இந்த இடத்துலதான் தங்கச்சி," என்று மணலைக் காட்டினார். "உங்கட மாப்பிள்ள மொதல் வருசம் தோத்த இடம் இதுதான். நான் அடிச்ச பந்து வெளிய போகுது. விட்டிருந்தா அவங்கட பக்கம். தெரிஞ்சிரிந்தும் ஓடி வந்து தொட்டாரு. தொட்டதுக்கு அழுதாரு. ஏன் தொட்டாரு எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல."

பெரியாயி அவரையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தாள். கடக்கரை ஆளுங்க நல்லா ஆடுனாங்க என்றுதானே அவளுக்குத் தெரியும்.

ஆட்டத்தில் ஹுமைதும் மாரிசாமியும் பதினான்கு, எதிரே இளம் ஜோடி பன்னிரண்டு. ஹுமைத் பந்தைப் போட்டார். எதிர்ப்பக்கத்துப் பையன் துள்ளி அடித்தான். கச்சான் காற்று அதை வாங்கிக்கொண்டது. பந்து அதே மாதிரி எழும்பி, அதே கோட்டைத் தாண்டி, கடல் பக்கம் போனது.

ஹுமைத் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மாரிசாமி நின்ற இடத்திலேயே நின்றான். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. விசில் ஊதினார்கள், சனம் எழுந்து கத்தியது, ஹுமைத் வந்து கட்டிக்கொண்டார். மாரிசாமி அவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான்.

பந்து ஈர மணலில் உருண்டு போய்ப் பெரியாயியின் காலடியில் நின்றது. அவள் குனிந்து எடுத்தாள். சேலையில் துடைத்தாள். நடந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"ஜௌபரு அண்ணன் சொன்னாரு," என்றாள். "வெளிய போற பந்துன்னு தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் ஓடுனீங்க?"

பதினோரு வருஷமாக அவன் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தான். இப்போது வந்தபோது பயமில்லை.

"கீழ நீ நிக்கிறன்னு கால் நெனச்சிருச்சு, புள்ள," என்றான். "கூடையோட ஏறி வருவியேன்னு."

பெரியாயி தான் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கடல் வரைக்கும் மணல் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க," என்றாள். "மூச்சே வாங்கல."